இரண்டு தட்டு

பதின்மூன்று வருடமாக நான் ஹங்கேரி பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டாவது கோல்கீப்பர். சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது, எத்தனை ஆட்டத்தில் நின்றாய் என்று யாரும் கேட்காத வரைக்கும். கேட்டால், பதினொன்று. அதில் நான்கு, ஏற்கெனவே தோற்றுப்போன ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம். மற்றபடி என் உத்தியோகம் கதவு திறப்பது.

கேலிக்காகச் சொல்லவில்லை. ஐஸ் ஹாக்கியில் யாரும் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஓட முடியாது, நெஞ்சு வெடித்துவிடும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருத்தி பெஞ்சுக்கு வருவாள், இன்னொருத்தி இறங்குவாள். களத்தைச் சுற்றி நெஞ்சளவுக்குத் தடுப்புப் பலகை. இறங்குகிறவள் அதை எகிறிக் குதிப்பாள். களைத்து வருகிறவளுக்குக் கதவு. அந்தக் கதவின் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருபது கிலோ கவசத்தோடு, ஒருநாளும் வேர்க்காமல் உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் எமெஷெ. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், முகம்தான் ஞாபகம் இருக்காது.

சலோன்டாய் ஓர்ஷோயாவை ஞாபகம் இருக்கும். எங்கள் கேப்டன், ஒன்பதாம் எண். எல்லோருக்கும் ஓர்ஷி. இரண்டு பேரும் துனாஊய்வாரோஷ்காரிகள், இரும்பாலை ஊர். அவளுடைய அப்பா ஆலையில் கிரேன் ஓட்டினார். என் அப்பா அந்த கிரேனுக்குக் கீழே நின்று, பார்த்து இறக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். பத்து வயதில் நாங்கள் பையன்கள் அணியில் ஆடினோம், பெண்களுக்கென்று அணி கிடையாது. பையன்கள் உடை மாற்றும் அறையில் எங்களை விட மாட்டார்கள். ஐஸைச் சமன்படுத்துகிற வண்டி நிற்கும் கொட்டகையில், டீசல் நாற்றத்தில், இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு மாற்றுவோம். ஊருக்கே அவள் பெரிய ஆட்டக்காரி. எனக்கு இன்னமும் அவள் டீசல் நாற்றமடிக்கிற முதுகுதான்.

அவள் திறமையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக அளக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த நாட்டு அணியாக இருந்தாலும் எங்களோடு ஆடும்போது இரண்டு பேரை அவளுக்கென்று ஒதுக்குவார்கள். ஸ்வீடனில் இரண்டு சீசன் ஆடினாள். வலது முழங்கால் தசைநார் அறுந்து ஊர் திரும்பினாள். தைத்தார்கள், ஆடினாள், மறுபடி அறுந்தது, மறுபடி தைத்தார்கள். பகலில் ஆரம்பப் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். விடியற்காலை ஐந்தரைக்குப் பயிற்சி, ஏனென்றால் அதற்குப் பிறகு ஐஸ் ரிங்க் ஆண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும். ஒவ்வொரு முறை லீவு கேட்கும்போதும் தலைமையாசிரியை அதே கேள்வியைக் கேட்பாள்: "பொம்பளைங்களும் இதை ஆடறாங்களா?" பதினோரு வருடம் அதே பள்ளியில் வேலை பார்த்தாள். பதினோரு வருடமும் அதே கேள்வி.

ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எங்கள் பெண்கள் அணி போனதே இல்லை. முதல் தகுதிச் சுற்றில் ஒரு கோலில் போனது. இரண்டாவது தகுதிச் சுற்றை அவள் காலில் மாவுக்கட்டோடு டி.வி.யில் பார்த்தாள். அவள் கணவன் போடோண்ட் பேருந்து ஓட்டுகிறவன், பொறுமைசாலி. "ஒலிம்பிக்ஸ் முடியட்டும், குழந்தையை அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அந்த வீட்டில் பன்னிரண்டு வருடமாகச் சொல்லப்படும் வாக்கியம். மூன்றாவது தகுதிச் சுற்று வந்தபோது அவளுக்கு முப்பத்துநான்கு. அடுத்ததற்கு முப்பத்தெட்டு ஆகியிருக்கும். அந்தக் காலில் முப்பத்தெட்டு என்று ஒன்று கிடையாது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது இரண்டு தட்டு பற்றிச் சொல்ல வேண்டும்.

களத்தில் ஐந்து பேர், கோலில் ஒருத்தி, அவ்வளவுதான் கணக்கு. வெளியே வருகிறவள் கதவை நெருங்குவதற்கு முன்னால் அடுத்தவள் இறங்கி ரப்பர் வட்டைத் தொட்டுவிட்டால், களத்தில் ஆள் அதிகம் என்று விசில் அடிப்பார்கள். இரண்டு நிமிடத் தண்டனை. அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். இது எல்லா அணிக்கும் நடக்கிற அபத்தம். எங்களுக்கு நடக்காது, ஏனென்றால் ஓர்ஷி சின்ன வயதிலேயே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். கதவருகே வந்ததும் மட்டையால் பலகையை இரண்டு தட்டு. தட்டினால்தான் நான் திறப்பேன். கதவு திறந்தால்தான் அடுத்தவள் குதிப்பாள். நாளடைவில் மொத்த அணிக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. இறங்குகிறவள் களத்தைப் பார்க்க மாட்டாள், கதவைத்தான் பார்ப்பாள். எங்களை வைத்துப் பயிற்சியாளர்கள் வகுப்பெடுத்ததாகக்கூடக் கேள்வி. கதவு திறந்தே புகழ் பெற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசி ஆட்டம் புடாபெஸ்டில், எங்கள் சொந்த ரிங்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. எதிரணி எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. இன்னமும் அந்த நாட்டு வெண்ணெயைக்கூட நான் கடையில் எடுப்பதில்லை. அவர்களுக்கு ஒரு புள்ளி போதும். எங்களுக்கு முழுசாக மூன்று வேண்டும். அதாவது அறுபது நிமிடத்துக்குள் ஜெயிக்க வேண்டும். சமநிலையில் முடிந்தாலே அவர்களுக்கு ஒரு புள்ளி, எங்களுக்குக் கதை முடிந்தது. கூடுதல் நேரத்தில் நாங்கள் பத்துக் கோல் அடித்தாலும் பிரயோசனமில்லை.

ஒரு மணிக்கு அவள் என்னைக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவைத் தாழிட்டு, கால்சட்டையை இறக்கி முழங்காலைக் காட்டினாள். முட்டைக்கோஸ் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எப்போதிருந்து?"

"முந்தாநாள் ஆட்டத்துல. கேள்வி கேக்காம டேப்பைச் சுத்து."

"டாக்டர்கிட்ட காட்டலாம்டி. மாஸ்டர்கிட்டயாவது சொல்லலாம்."

பயிற்சியாளர் கோர்னேலை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"சொன்னா என்ன பண்ணுவாரு?"

"உக்கார வைப்பாரு."

"அப்ப? எங்கிட்ட பேச்சு குடுக்காத, சுத்து. இன்னும் இறுக்கு. நீ என்ன பரிசுப் பொட்டலமா கட்டற?"

சுற்றினேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் விதிமுறைகளைப் படிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. பிறகு சொன்னாள்:

"எமெ, இன்னிக்கி நான் தட்ட மாட்டேன்."

"என்னது?"

"கதவுகிட்ட வந்து, நின்னு, தட்டி, நீ திறக்கற வரைக்கும் ஒத்தக் கால்ல நிக்கணும். பக்கத்துலயே மாஸ்டர். பாத்துருவாரு. நான் வர்றப்பவே நீயா பாத்துத் திறந்துரு. நேரா உள்ள வந்து உக்காந்துருவேன். என் நேரம் உனக்குத் தெரியாதா?"

"தெரியாம? எங்கம்மா மூஞ்சியை விட உன் முட்டியைத்தான்டி அதிகமா பாத்துருக்கேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கழிவறையில் நான் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

மூவாயிரம் பேர். தலையைத் தூக்கிப் பார்த்தால் எங்கள் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை. "ஹய்ரா! ஹய்ரா!" என்று கத்தல். போடோண்ட் மூன்றாவது வரிசையில் பெரிய முரசை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். பேருந்து ஓட்டுகிறவனுக்குத் தாளம் வராது, ஆனால் கை வலுவாக இருக்கும். முதல் கோல் அவர்களுடையது. இரண்டாம் பகுதியில் நாங்கள் ஒன்று திருப்பினோம். மூன்றாம் பகுதி தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் ஓர்ஷி கோலுக்குப் பின்னாலிருந்து வட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, இருந்த சந்தில் செருகினாள். இரண்டுக்கு ஒன்று. எல்லோரும் அவள் மேல் விழுந்தார்கள். அத்தனை உடம்புக்கு அடியில் அவள் வலது காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரிந்தது.

அன்று முழுக்க நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலையும் தாழ்ப்பாளையும்தான் பார்த்தேன். அவள் திரும்பியதும் எண்ணத் தொடங்குவேன். மூன்று மீட்டர், இரண்டு, திற. உள்ளே வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்காருவாள். அதே நொடி, அவள் இடத்துக்கு ஆடுகிற வில்லோ பலகையைத் தாண்டிக் குதிப்பாள். வில்லோவுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் அணியில் வயது பார்த்து மரியாதை கிடையாது. பத்தொன்பதும் முப்பத்துநாலும் வாடி போடிதான். ஆனாலும் அந்தப் பெண் ஓர்ஷியின் பழைய கையுறையை வாங்கி அதையே போட்டுக்கொண்டு திரிந்தாள். இருபது தடவைக்கு மேல் மாற்றினோம். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

மூன்று நிமிடம் இருபது விநாடி மிச்சம்.

அவர்கள் எங்கள் கோல் முன்னால் கூடாரம் போட்டுவிட்டார்கள். ஓர்ஷி ஒரு நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டாள். மாற முடியவில்லை. ஒரு அடியைத் தடுக்க அதே காலில் மண்டியிட்டாள். எழுந்தபோது மட்டையைக் கைத்தடியாக ஊன்றி எழுந்தாள். ஒருவழியாக எங்கள் பெண் ஒருத்தி வட்டை அந்தப் பக்கம் தூக்கி அடித்தாள். ஓர்ஷி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். பதின்மூன்று வருடமாகக் காலை மட்டுமே பார்த்தவள், அன்றைக்குப் பார்த்து முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. அழும் குழந்தை தூரத்தில் அம்மாவைக் கண்டதும் ஒரு முகம் காட்டுமே, அது. மனசு கேட்கவில்லை. வா, வா, வந்துவிடு என்று என் கை தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவை இழுத்துவிட்டது.

அவள் இன்னும் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருந்தாள்.

என் தோளுக்கு மேலாக வில்லோ குதித்தாள். கதவு திறந்ததே, குதிக்காமல் என்ன செய்வாள்? அந்தப் பக்கத்துத் தடுப்பாட்டக்காரி அடித்த வட்டு, வேறெங்கும் போக இடமில்லாதது போல நேராக வில்லோவின் மட்டைக்கு வந்தது. தொட்டாள். விசில்.

நடுவர் இரண்டு கையையும் தூக்கி ஆறு விரலைக் காட்டினார், ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர் என்று. மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முரசுகூட நின்றுவிட்டது.

இந்த மாதிரித் தண்டனையை அணியில் யாராவது ஒருத்தி போய்க் கூண்டில் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஓர்ஷி அந்தப் பக்கம் போக ஆரம்பித்திருந்தாள். எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே, களத்தின் மறுபுறம், கண்ணாடிக் கூண்டு. அதன் கதவைத் திறந்து மூட ஒரு பெரியவர், கையில் கடிகாரம். அவள் உள்ளே போய் உட்கார்ந்து, மட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். நடுவில் முப்பது மீட்டர் ஐஸ். ஐந்து பேருக்கு எதிராக எங்கள் நான்கு பேர். எங்கள் முதல் கோல்கீப்பர் தல்மா குத்துக்காலிட்டு அங்கேயும் இங்கேயும் விழுகிறாள். அந்த நேரத்தில் ஓர்ஷியால் எழுந்து வர முடியாது, என்னால் இறங்க முடியாது. கவசம் போட்ட இரண்டு பொம்மைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். வில்லோ என் பக்கத்தில் கையுறையைக் கடித்துக்கொண்டு, "கதவு திறந்துச்சே, திறந்துச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அணைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

நாற்பத்தெட்டு விநாடி தாங்கினார்கள். நாற்பத்தொன்பதாவதில் தல்மாவின் கால்களுக்கு நடுவே வட்டு போய்விட்டது. இரண்டுக்கு இரண்டு.

கோல் விழுந்தால் தண்டனை முடிந்தது. கூண்டுக் கதவை அந்தப் பெரியவர் சரியாகத் திறந்துவிட்டார். பாருங்கள், அவருக்கு நேரம் தவறவே இல்லை.

கடைசி நிமிடம் மாஸ்டர் தல்மாவை வெளியே கூப்பிட்டார். கோலைக் காலியாக விட்டு, அவளுக்குப் பதிலாக ஆறாவது ஆட்டக்காரியை இறக்குவது. இப்போது ஆறு பேர் சட்டப்படி! தல்மா கோலை விட்டு பெஞ்சை நோக்கி ஓடி வந்தாள். நான்தான் திறக்க வேண்டும். என் கை தாழ்ப்பாளில் ஒட்டிக்கொண்டது. அவள் வந்து, பலகையில் மோதி, "திறடி, எருமை!" என்று கத்திய பிறகுதான் திறந்தேன். மூன்று விநாடி போயிருக்கும். ஓர்ஷி அந்தக் காலோடு அவர்கள் கோல் முன்னால் நின்று ஒரு அடி அடித்தாள். யாருடைய காலிலோ பட்டு மேலே போனது. அறுபது நிமிடம் முடிந்து சங்கு ஊதிவிட்டது.

அவர்கள் கட்டிப்பிடித்து உருண்டார்கள். ஆனால் விதி விதிதான், கூடுதல் நேரம் ஆடியே தீர வேண்டும். ஒன்றுக்கும் உதவாத ஐந்து நிமிடம். அவர்கள் சிரித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது நிமிடத்தில் ஓர்ஷி வட்டை வாங்கி, ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி, கோல்கீப்பரை ஒருபுறம் விழ வைத்து மறுபுறம் உள்ளே தள்ளினாள். அவள் வாழ்க்கையிலேயே அழகான கோல் அதுதான். கையைக்கூடத் தூக்கவில்லை. வட்டு வலைக்குள் கிடந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டத்தை நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

எங்கள் ஊரில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று தேசிய கீதம் பாடுவார்கள். ஆட்டக்காரிகள் கோட்டில் வரிசையாக நின்று கூடவே பாடுவோம். அன்றைக்கு நாங்கள் ஜெயித்தவர்களா தோற்றவர்களா என்று பாடுகிறவர்களுக்கே தெரியவில்லை. ஓர்ஷி ஒரு கையை என் தோள் மேல் போட்டிருந்தாள். கேமராவுக்கு அது நட்பு. அவள் எடை முழுவதும் என் தோளில் இருந்தது எனக்குத்தான் தெரியும். அவள் பாடினாள், கடைசி வரி வரைக்கும்.

உடை மாற்றும் அறையில் ஷவர் சத்தத்தைத் தாண்டி வில்லோ அழுவது கேட்டது. வெளியே டி.வி.க்காரர்கள் அவள் குதிப்பதையே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். மாஸ்டர் உள்ளே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார். "கதவு எதுக்கு அப்பத் திறந்துச்சு?"

எழுந்தேன். கால் கவசங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. "மாஸ்டர், நான்தான்..."

"நான் தட்டினேன்," என்றாள் ஓர்ஷி.

அறை முழுக்க அவளைப் பார்த்தது.

"மூச்சு முட்டிருச்சு, மாஸ்டர். கதவுகிட்ட வந்துட்டேன்னு நினைச்சு வழியிலேயே பலகையை ரெண்டு தட்டு தட்டிட்டேன். எமெ தட்டினாத் திறக்கறவ. வில்லோ திறந்தாக் குதிக்கறவ. அவங்க மேல என்ன தப்பு? பதினஞ்சு வருஷம் ஆடியும் எனக்குத் தூரம் தெரியல."

"பொய்!" என்றேன். "அவ தட்டவே இல்ல. நானாத்தான் திறந்தேன்."

மாஸ்டர் என்னிடம் வந்து கன்னத்தைத் தட்டினார். "உக்காரு, எமெஷெ. உன் பாசம் எனக்குத் தெரியாதா?"

"பாசம் இல்ல மாஸ்டர், உண்மை!"

"சரிம்மா, சரி. உக்காரு."

நான் ஏன் திறந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் முழங்காலைச் சொல்ல வேண்டும். ஓர்ஷி கண்ணாலேயே வேண்டாமென்றாள். மறைத்து ஆடினாள் என்று தெரிந்தால், அவளோடு எனக்கும் கேள்வி வரும், டேப் சுற்றியவள் நான். அந்த ஒரு கணம் யோசித்தேன், உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. மறுநாள் காலையே மாஸ்டர் வீட்டுக்குப் போய் முழங்கால், டேப், கழிவறை எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "முட்டி விஷயம் எனக்குத் தெரியும்மா. மொத நாளே தெரியும். அவளை உக்கார வெக்க எனக்கு மனசு வரல. நீ அதையும் இதையும் சேத்து ஒரு கதை கட்டி அவளைக் காப்பாத்தப் பாக்கற. நல்ல மனசு உனக்கு."

அவரும் அவள் முகத்தைப் பார்த்தவர்தானே. அவரை எப்படித் திட்டுவது?

பத்திரிகைகளில் வந்தது: கேப்டனின் தவறால் கைநழுவிய ஒலிம்பிக்ஸ். வில்லோவை எல்லோரும் விட்டுவிட்டார்கள். என்னை முதலிலேயே யாரும் பிடிக்கவில்லை.

மாஸ்டர் வீட்டுக்குப் போய் வந்த அன்றே, ஊருக்குப் போகிற வழியில், போடோண்ட் பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில், காரின் பின்சீட்டில் ஓர்ஷியைப் பிடித்தேன்.

"எதுக்குடி பொய் சொன்ன? உன்னை யாருடி தியாகம் பண்ணச் சொன்னா?"

"தியாகமாவது, வெங்காயமாவது. வில்லோவுக்குப் பத்தொம்பது வயசு. இந்தப் பேரோட அவ எப்பிடி ஆடுவா? உனக்கும் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, என்னிக்காவது உன்னைக் கோல்ல நிறுத்துவாங்கன்னு நம்பிட்டிருக்கற. நான் எப்பிடியும் இதோட சரி. எம்மேல போட்டா யாருக்கு நஷ்டம்?"

"உனக்குடி! நாளைக்கு உன் பேரைச் சொன்னா இதைத்தான்டி சொல்லுவாங்க!"

அவள் ஜன்னல் வழியாகப் போடோண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எங்கள் இருவருக்கும் கடையிலிருந்து கோகோ ரொட்டிச் சுருள் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"எமெ, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நீ திறந்ததைப் பாத்தேன். ரொம்ப தூரத்துல இருக்கேன், இவ திறந்துட்டா, தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா அந்த நொடி எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்பாடா, திறந்துருச்சுன்னு. ஒலிம்பிக்ஸ், ஸ்கோர் ஒண்ணும் ஞாபகமில்ல. உக்காரணும், அவ்ளோதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை நினைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. உம்மேல கோவம் இல்ல."

போடோண்ட் கதவைத் திறந்து ரொட்டியை நீட்டினான். இரண்டு பேரும் வாங்கித் தின்றோம்.

செப்டம்பரில் எங்கள் ஊர் ரிங்கில் அவளுக்குப் பிரிவு உபசார ஆட்டம் வைத்தார்கள். பழைய ஆட்டக்காரிகள், இப்போதைய பிள்ளைகள், எல்லோரும் கலந்து. அவள் முழங்காலில் இப்போது பாதி உலோகம். ஐந்து நிமிடம் மட்டும் இறங்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைமையாசிரியை பூங்கொத்தோடு வந்திருந்தாள், இந்த முறை கேள்வி கேட்கவில்லை. இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நின்றேன். என் முன்னால் சால்வை போட்ட ஒரு பெரிய மனுஷர், கையில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, மேலே வெங்காயம். பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நல்ல ஆட்டக்காரிதான், இல்லேங்கல. ஆனா அன்னிக்கி அவசரப்பட்டுத் தட்டிட்டாளே. ஒரு ரெண்டு தட்டுல ஊரையே கவுத்துட்டா."

"ஐயா," என்றேன். "அவ தட்டல. கதவைத் திறந்தது நான். என் தப்பு."

அவர் திரும்பி என் கால் கவசத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நீதானா அந்தப் பொண்ணு? மாஸ்டர் பேட்டியில சொன்னாரு, இன்னமும் பழியை உம்மேல போட்டுக்கறியாம். இந்தக் காலத்துல இப்பிடி ஒரு சிநேகிதி!" என்று என் தோளைத் தட்டி, எலுமிச்சை டீக்குக் காசு அவரே கொடுத்தார். வேண்டாம் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். டீயை வாங்கிக்கொண்டு போனேன், வேறென்ன செய்ய?

இடைவேளைக்குப் பிறகு ஓர்ஷி இறங்கினாள். ஐந்து நிமிடம் முடிந்ததும் ஆட்டக்காரிகள் எல்லோரும் எழுந்து நின்று மட்டையால் பலகையை அடித்தார்கள், எங்கள் வழக்கம் அது. போடோண்டின் முரசு வழக்கம் போலத் தப்புத் தாளத்தில் கேட்டது. அவள் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள். வில்லோ என் பின்னால் பலகை மேல் கையை வைத்துக் காத்திருந்தாள், கண் கதவின் மேல்.

பத்து மீட்டர். ஐந்து. மூன்று. என் கை தாழ்ப்பாளில். இரண்டு. அவள் வந்து கதவுக்கு எதிரே நின்றுவிட்டாள். ஒற்றைக் காலில். நான் திறக்கவில்லை.

"திறடி," என்றாள்.

"தட்டு."

"எல்லாரும் பாக்கறாங்க. திற."

"தட்டுடி. எல்லாரும் பாக்கட்டும். நீ தட்டினாத்தான் நான் திறப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உதடு கோணியது.

"எமெ, வலிக்குதுடி."

திறந்துவிட்டேன்.